வெளிச்சத்தை மறைக்கும் பெயர்கள்

என் பெஞ்சுத் தோழிக்கு,

உன் பெயரை ஒரு விளக்கில் எழுதவிடாமல் நான் தடுக்கிறேன் என்று ஊரில் சொல்கிறார்கள். அது உண்மை. பொறாமையால் தடுக்கிறேன் என்றும் சொல்கிறார்கள். அது பொய். என் கணவரின் பெயர் எழுதிய டியூப் லைட்டைப் பள்ளிக்கூடத்தில் வைத்து உடைத்துப் போட்டேன் என்று கொட்டாரம் கடைத்தெரு வரைக்கும் பேச்சு போயிருக்கிறது. அதுவும் பொய். உடைக்கவில்லை, கழற்றினேன். எலக்ட்ரீஷியன் ஏணியில் நிற்க, கீழே நின்று இரண்டு கையாலும் நானே வாங்கினேன். இப்போது அது என் சாப்பாட்டு மேசையில், பழைய போர்வை ஒன்றின்மேல் முழுசாகப் படுத்திருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம். காப்பி தருவேன்.

விளக்கோடு அதன் இரும்புப் பட்டியையும் இறக்கச் சொன்னேன். பட்டிக்குள் இருக்கும் பழைய சோக்கிலிருந்து சூடேறிய தார் வாசனை இன்னும் போகவில்லை. மழைக்காலத்தில் சன்னல்களைச் சாத்தி வைத்த வகுப்பறைக்குள் அடிக்குமே, அதே வாசனை. சாப்பிட உட்கார்ந்தால் சோற்று வாசனைக்கு முன்னால் இதுதான் வருகிறது. இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. கையைக் கழுவிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் நினைவாக ஒரு பக்கம் எழுதித் தரும்படி நம் சபையின் வார இதழான சபை மலரின் ஆசிரியர் கேட்டிருந்தார். "டீச்சரோட பொறுமை, பக்தி, பணிவு, இத வச்சு எழுதுங்கம்மா" என்றார். பொறுமை உன்னிடம் இருந்தது. பக்தி உனக்கும் கர்த்தருக்கும் இடையிலானது, அதற்கு நான் சாட்சி சொல்ல முடியாது. பணிவு உன் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் அவர் வேறு எதையாவது குறைத்துக்கொள்ளட்டும்.

நாகர்கோவில் கான்வென்டில் நாம் ஒரே பெஞ்சு. கோடு கோணினால் பொறுக்காதவள் நான். கோடு எதற்கு என்று கேட்பவள் நீ. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் இரண்டு சுடர்களில் எது பிரகாசம் என்று கண்டுபிடிக்கும் சோதனை. வெள்ளைத் தாளின் நடுவில் எண்ணெய்ப் பொட்டு வைத்து, அதை இரண்டு சுடருக்கும் நடுவே நிறுத்தி நகர்த்த வேண்டும். இரண்டு பக்கத்து வெளிச்சமும் சமமாகும் இடத்தில் பொட்டு கண்ணுக்குத் தெரியாமல் மறையும். எந்தச் சுடரை ஒட்டி அது மறைகிறதோ அந்தச் சுடர்தான் மங்கல். ஸிஸ்டர் எண்ணெய்ப் புட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். நீ உன் வகிட்டில் விரலைத் தேய்த்துத் தாளில் ஒற்றினாய். தேங்காயெண்ணெய்! பொட்டு அச்சடித்த மாதிரி விழுந்தது. ஸிஸ்டருக்குத் திட்டவும் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை. நான் வெட்கப்பட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். "என்னட்டி தள்ளிப் போற, உன் தலையில எண்ணெ இல்லியா?" என்று சத்தமாகவே கேட்டாய்.

பிறகு நீ நம் சபைப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை ஆனாய். நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டில் மருமகள் ஆனேன். என் மாடியில் நின்றால் பத்தாம் வகுப்பின் சன்னல்கள் தெரியும் என்பது உனக்குத் தெரியும். இப்போது எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாலை வகுப்பு தொடங்கிவிட்டது. மழை வேறு இருட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு விளக்கு இமைத்து இமைத்து எரிகிறது. ஸ்டார்ட்டரைத் தட்டிவிட யாருக்கும் தோன்றவில்லை.

உட்கார்ந்துவிட்டேன். விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

நீ ஓய்வு பெற்ற பிறகும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கப் போய்க்கொண்டிருந்தாய். அப்படி ஒரு மழை நாளில், என்னிடம் வாங்கிப்போய்த் திருப்பித் தராத என் குடையை என் வராந்தாவிலேயே விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தாய்.

"ஏட்டி மகாராணி, உன் மாப்பிளைக்கு அடியில ஒரு பிள்ளையும் உக்கார மாட்டேங்குதுவ, பாத்துக்க."

நான் காப்பியைக் கீழே வைத்தேன். "என்ன பேச்சு இது?"

"நான் சொல்லல்லட்டி, பிள்ளைய சொல்லுதுவ. 'மிஸ், நான் அருளப்பன் அடியில போய் உக்காரட்டா? இவரு அடியில எழுத்து தெரியல்ல'ன்னு ஒருத்தி கேக்கா. அருளப்பன் அடியில இருக்கவன் எடம் விட மாட்டேங்கான். ஒரே சண்ட."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். நம் பள்ளிக்கூடத்தில் பெயரில்லாத விளக்கு கிடையாது. ஒரு வீட்டில் ஒருவர் இறந்தால் அவர் நினைவாக அந்த வீட்டார் ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுப்பார்கள். கண்ணாடிக் குழலின் நடுவில் சிவப்புப் பெயின்டால் பெயர் எழுதப்படும். கோவிலிலும் இப்படித்தான், சர்ச்சிலும் இப்படித்தான், இங்கும் இப்படித்தான். என் கணவருக்கும் நான் செய்தேன். பெயர் எழுதுகிறவரின் பக்கத்திலேயே நின்று எழுதுவித்தேன். அவர் பெயர், 'நினைவாக' என்ற சொல், அதன் கீழே 'உபயம்' என்று போட்டு என் பெயரும் பி.ஏ.யும். ஒரு ஒற்றுப்பிழை கிடையாது.

"போனவரு பேரு ஒரு சாண், தந்தவ பேரு ஒண்ணர சாண்" என்று நீ அந்த மழை நாளில் சொன்னாய். நான் உன்னை வாசல் வரை வந்து வழியனுப்பவில்லை.

ஆனால் மறுநாள் மாலை தினத்தியானப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்த வகுப்புக்குப் போய், அவருடைய விளக்குக்கு நேர்கீழே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். குழலின் நடுவில் பெயர். இரண்டு முனையிலும் கரி படிந்த கறுப்பு. மிச்சம் இருந்த இடம் வழியாகத்தான் வெளிச்சம் வரவேண்டியிருந்தது. ஒரு வசனத்தை முழுதாக வாசிக்க முடியவில்லை. என் கண்ணாடியைக் குறை சொல்ல முடியாது, அது புதிது. உன் மேசைக்கு வந்து, "என்ன செய்யணும்?" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அப்படியே திரும்பியிருப்பேன். அது உனக்குத் தெரிந்திருந்தது.

முதலில் சின்னதாகத்தான் செய்தாய். அருளப்பனின் மகன்தான் நம் பள்ளிக் குழுவின் பொருளாளர். அவர் கொடுத்த குழலைப் பட்டியிலேயே திருப்பி, எழுத்து கூரையைப் பார்க்கும்படி வைத்தாய். வெளிச்சம் கொஞ்சம் கூடியது. பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்தவர் மேலே பார்த்தார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே உன்னைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், எங்க அப்பா மொகத்த ஏன் திருப்பி வச்சிருக்கு? அவரு உங்களுக்கு என்ன தப்பு செஞ்சாரு?"

"அவரு ஒண்ணும் செய்யல்ல. பிள்ளையளப் பாக்க வெக்கப்பட்டு அவரே திரும்பிட்டாரு" என்றாய்.

போதகர் தலையிட, அருளப்பன் மறுபடி கீழே பார்த்தார்.

அதன்பிறகுதான் உன் பழைய மாணவன் ஒருவன், வளைகுடாவில் வேலை பார்க்கிறவன், பள்ளிக்கு என்ன வேண்டும் என்று உன்னைக் கேட்டான். மின்சாரம் குறைவாக எடுத்து வெளிச்சம் அதிகம் தரும் எல்.இ.டி. விளக்குகள், எல்லா வகுப்புக்கும் போதும் அளவுக்கு, அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கின. பெயர் எதுவும் எழுத வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தான். ஆகவே பணம் ஒரு தடையே இல்லை. தடை வேறு. குழுவில் எல்லோரும், "இருக்கது நல்லாத்தானே எரியுது?" என்றார்கள். எரிகிறதுதான். அடுப்பும்தான் எரிகிறது.

நான் சண்டைக்குக் கிளம்பினேன். நீ என் கையைப் பிடித்தாய். "சண்ட போடாதட்டி. கேள்வி கேளு" என்றாய். அது உன் வழக்கமான வாக்கு. நான் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கிறேன், ஒரு முறையும் பழகியதில்லை.

அந்தக் கூட்டத்தை நான் மறக்கவே மாட்டேன். சன்னல்களைச் சாத்தச் சொன்னாய். நீளமேசையின் ஒரு முனையில் பெயர் எழுதிய பழைய குழல். எல்லோருக்கும் தெரிந்த அருளப்பன்தான். மறுமுனையில் பெட்டியிலிருந்து எடுத்த புது விளக்கு. ஒரு வெள்ளைத் தாளைக் கையில் எடுத்தாய். அப்புறம், போதகரும் தாளாளரும் மூப்பர்களும் பார்த்துக்கொண்டிருக்க, நரைத்த உன் வகிட்டில் விரலைத் தேய்த்துத் தாளில் ஒற்றினாய். இந்த முறை நான் தள்ளி உட்காரவில்லை.

"பொட்டு எங்க மறையுதுன்னு நீங்களே நகத்திப் பாருங்க" என்று தாளைப் பொருளாளர் கையிலேயே கொடுத்தாய். அவர் தாளை மேசையின் நடுவிலிருந்து தன் அப்பா பக்கமாகத் தள்ளத் தொடங்கினார். பொட்டு மறையவில்லை. இன்னும் தள்ளினார். குழலில் மோதிவிடும் அளவுக்கு வந்த பிறகுதான் மறைந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் நகர்த்தினார். அதே இடம்.

"எங்க அப்பாவப் போய் பரீச்ச எழுத வச்சிட்டியளே டீச்சர்!"

"அவரு நல்லாத்தான் எழுதுவாரு. நெத்தியில இவ்வளவு பெருசா பேர எழுதி ஒட்டினா உமக்கும் கண்ணு தெரியாது."

அறை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். புது விளக்குகளை மாட்டுவது என்று அன்றே முடிவானது. நம் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் தாளாளர் மெதுவாகக் கேட்டார்: "செரி, பழச எறக்கணும்லா? அந்தந்த வீட்டுக்காரங்கட்ட யாரு போய்ச் சொல்லுகது?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே தொங்கிய ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு மகனோ மகளோ உட்கார்ந்திருந்தார்கள். "நாங்க ரெண்டு பேரும் சொல்லுகோம்" என்றாய் நீ, என்னைக் கேட்காமலே.

அந்த மழைக்காலம் முழுக்க நாம் வீடு வீடாக ஏறி இறங்கினோம். சிலர் உடனே சரி என்றார்கள். சிலர் தேநீர் கொடுத்துப் பேச்சை மாற்றினார்கள். ஒரு வீட்டில் நம்மைப் பார்த்ததும் உள்ளே விளக்கையே அணைத்துவிட்டார்கள். "பாத்தியா, மின்சாரம் மிச்சம் புடிக்கத் தொடங்கியாச்சு" என்றாய்.

கோட்டாற்றில் அரிசிக்கடை வைத்திருக்கும் பாயை உனக்கு நினைவிருக்கும். அவருடைய மகள் உன்னிடம் படித்தவள். அந்த நன்றிக்கு, இறந்துபோன தன் வாப்பா பெயரில் நம் பள்ளிக்கு ஒரு விளக்கு கொடுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது.

"வாப்பா பேர நான் எப்பிடி டீச்சர் எறக்கச் சொல்லுவேன்? கட போர்டையே எறக்கினாப்பல இருக்கும்லா?"

நான் வாட்டேஜ் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். நீ என் காலை மிதித்தாய்.

"பாய், வாப்பாவ எப்பம் நெனப்பிய?" என்று கேட்டாய்.

அவர் கொஞ்ச நேரம் அரிசியைக் கையில் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தார். "எப்பம்னு கேட்டா... கட அடைக்கயிலதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய், வாசலை ஒட்டியிருந்த சுவிட்சுப் பலகையைக் காட்டினார். பழைய மரப்பலகை. அதன்மேல் கோணல்மாணலாக, மங்கிப்போன பச்சைப் பெயின்டில் 'போகும்போது அணை' என்று எழுதியிருந்தது.

"வாப்பா கைப்பட எழுதினது. இத வாசிக்காம நான் ஒரு நாளும் கட அடச்சதில்ல. பெயின்ட் போயிட்டுன்னு மவன் புதுசா எழுதப் பாத்தான். ஏலே, தொட்டா கைய முறிச்சிருவேன்னு சொன்னேன்."

நீ அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாய். நானும் பார்த்தேன். எழுத்துகள் ஒன்றுகூட நேராக இல்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

"பாய், எங்க ஸ்கூல்லயும் வாப்பா பேர இப்பிடி சுவிட்ச் பக்கத்துல எழுதினா என்ன? கண்ணுக்கு நேரா இருக்கும். லைட்ட அணைக்கிற பிள்ள வாசிச்சிட்டுத்தான் அணைக்கும். மேல எழுதினா பல்லிதான் வாசிக்கும்."

அவர் முதலில் உன்னைப் பார்த்தார், பிறகு என்னை. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "பல்லி வாசிக்கதுக்கா இவ்வளவு காலம் எழுதி வச்சோம்? எறக்குங்க டீச்சர். ஆனா பேருக்குக் கீழ 'போகும்போது அணை'ன்னும் போடணும். இல்லன்னா வாப்பா கோவிச்சுக்கிடும்."

வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கி அடுத்த பேருந்துக்காக நின்றபோது நீ ஒரு இடத்தில் நிற்கவில்லை. நான் அல்லவா அப்படி நடப்பவள்! அன்றைக்கு நீ நடந்தாய். ஒவ்வொரு வகுப்பிலும் சுவிட்சுப் பலகைக்கு மேலே ஒரு சின்னத் தகடு, அந்த வகுப்புக்கு விளக்குக் கொடுத்த வீடுகளின் பெயர்கள், கீழே அந்த ஒரு வரி. விளக்கு விளக்காகவே இருக்கட்டும். "பூதப்பாண்டிக்கு வாற வாரம் போவோம். அந்த வீடு முடிஞ்சா எல்லாம் முடிஞ்சு. பொறவு கமிட்டியில சொல்லுவோம்" என்றாய். அடுத்த வாரம் காய்ச்சல் என்று படுத்தாய். பூதப்பாண்டிக்கு நான் தனியாகத்தான் போனேன். உன்னை அடக்கம் செய்த பிறகு.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை. திட்டத்தை என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். என்னிடம் சொன்னால் நான் எப்படிச் சொல்வேன் என்று உனக்குத் தெரியாதா?

மாடிக்குப் போய் வந்தேன். இமைத்துக்கொண்டிருந்த விளக்கு இப்போது அணைந்தே போய்விட்டது. யாரோ பிள்ளைகளை மறுபக்கத்துக்கு நகர்த்துகிறார்கள்.

பள்ளிக்கூட ஹாலில் உனக்காக இரங்கல் கூட்டம் நடந்தது. எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். பொருளாளர் எழுந்து, "டீச்சர்தான் இந்தப் புது லைட்ட எல்லாம் கொண்டுவந்தது. மொத லைட்டுல டீச்சர் பேர எழுதி மாட்டுவோம்" என்றார். ஹால் முழுக்கக் கைதட்டினார்கள். அவர் அன்பால் சொன்னார், அதை நான் மறுக்கவில்லை. கைதட்டல் அடங்கும் முன்னால் இன்னொருவர் எழுந்தார்: "அப்பம் எங்க அம்ம பேரும் புதுசுல வரட்டும்." இன்னொருவர்: "எங்க அண்ணன் பேரு?" நாம் மழையில் நனைந்து இறக்கச் சம்மதம் வாங்கிய பெயர்கள் எல்லாம் உன் பெயரின் பின்னால் வரிசையாக மறுபடி மேலே ஏறத் தொடங்கின.

பழைய குழலாவது சுற்றிலும் ஒளி விடும். இந்தப் புது விளக்குக்கு ஒரு முகம்தான். அந்த முகத்தில் பெயின்டைப் பூசினால் அதை மாட்டுவதே வீண். உன் பெயராலேயே பிள்ளைகளின் வெளிச்சத்தை மறைக்கப் போகிறார்கள் என்று எனக்குப் பதறியது. எழுந்து, வேண்டாம் என்றேன். நீ சொன்னதைச் சொன்னேன், சுவிட்சுப் பலகை, தகடு, எல்லாவற்றையும். நீயாக இருந்தால் கேள்வியாகக் கேட்டிருப்பாய். நான் தீர்ப்பு வாசிப்பதுபோல வாசித்தேன்.

"செத்தவங்க பேர வாசப்பக்கம், செருப்புக் கழத்துற எடத்துலயா வைக்கது?" என்று ஒருவர் கேட்டார். "பேருன்னா ஒசரத்துல இருக்கணும்." எனக்குப் பின்வரிசையில் ஒரு பெண் குரல்: "கூட்டுக்காரி பேரு ஒசந்து நிக்கது பொறுக்கல்ல, பாத்தியா?" திரும்பிப் பார்க்கவில்லை. என் கழுத்து அந்த அளவுக்கு வளையாது.

மறுநாளே தாளாளரின் அறைக்குப் போனேன். உன் அட்டைப்பெட்டிகள் அங்கே சுவரோரம் அடுக்கியபடி இருந்தன. மேலே கேலண்டரும் ஒரு தேநீர்க் கோப்பையும்.

"நீங்க சொல்லுகது நியாயந்தாம்மா. ஆனா டீச்சர் பேரு வேண்டாம்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்? எனக்கும் அவங்கதான் பிசிக்ஸ் எடுத்தாங்க."

"அப்படியானால் எண்ணெய்ப் பொட்டு உமக்குத் தெரியுமே" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். "ஒண்ணு செய்யுங்கம்மா. மொதல்ல உங்க வீட்டு லைட்ட எறக்குங்க. தகட்ட மாட்டுங்க. நாலு பேரு பாக்கட்டும். எறக்கின எடத்துல சாயங்காலமே புதுசு மாட்டிரலாம்."

அந்த வாயை நம்பித்தான் இறக்கினேன். எவர்சில்வர் தகட்டில் என் கணவரின் பெயர் மட்டும் எழுதுவித்தேன். உபயமும் இல்லை, பி.ஏ.யும் இல்லை. கீழே 'போகும்போது அணை'. பத்தாம் வகுப்பின் சுவிட்சுப் பலகைக்கு மேலே, ஒரு பிள்ளையின் கண்மட்டத்தில் திருகி வைத்தோம். மாலைக்குள் பேச்சுக் கிளம்பிவிட்டது: புருஷன் பெயரையே போட்டு உடைத்தாள் என்று. புது விளக்கு வரவில்லை. கேட்டால், "பாக்கலாம்மா." அடுத்த நாள் கேட்டால், "பாத்துக்கிடலாம்மா." எலக்ட்ரீஷியனோ தாளாளர் சொல்லாமல் பெட்டியைப் பிரிக்க மாட்டேன் என்கிறார். பெயர் எழுதுகிறவரை மட்டும் திங்கள்கிழமை வரச் சொல்லியாகிவிட்டதாம்.

இப்போது அந்த வகுப்பில் ஒரு விளக்கின் இடம் காலியாக இருக்கிறது. மங்கலாகவாவது எரிந்தது. அதையும் இறக்கிவிட்டு நிற்கிறேன். அரையாண்டுத் தேர்வு வருகிறது. பிள்ளைகள் பெஞ்சை இழுத்துப் போட்டு, ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு, அருளப்பனின் அடியில் கூடுகிறார்கள். நான் மாடிக்கும் மேசைக்குமாக நடக்கிறேன். முழங்கால் வலிக்கிறது, அதற்காக உட்கார முடியவில்லை.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். மூன்றாம் முறை தாளாளரைப் பார்த்துவிட்டுப் படியிறங்கும்போது மாலை வகுப்பு முடிந்திருந்தது. கடைசியாக வெளியே வந்த ஒரு பெண்பிள்ளை சுவிட்சில் கைவைத்தாள். தகட்டைப் பார்த்தாள். என் கணவரின் பெயரை, பாடம் ஒப்பிக்கிற குரலில், முழுப் பெயரையும் முதலெழுத்தோடு வாசித்தாள். "போகும்போது அணை" என்றும் வாசித்தாள். ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துவிட்டுப் போனாள். அவர் போய் இத்தனை வருஷத்தில், என் வீட்டுக்கு வெளியே அவர் பெயரை ஒருவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மேலே சிவப்பில் எழுதியிருந்தபோது யாரும் சொன்னதில்லை. உன்னிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும்போல இருந்தது. உன் வீட்டுத் திருப்பம் வரைக்கும் நடந்துவிட்டுத்தான் நினைவு வந்தது.

நீ எனக்கு விட்டுப்போனது இந்த முடியாத வேலை ஒன்றுதான். உன் பொறுமை எனக்கு வரவில்லை. கேள்வி கேட்கும் வித்தையும் வரவில்லை. இந்த வயதில் இனி வராது. ஆனால் வேலை என் கையில் இருக்கிறது, அதைக் கீழே வைக்க எனக்குத் தெரியாது. நீ இருந்திருந்தால் இதைச் சிரித்தே முடித்திருப்பாய். நான் எழுதித்தான் முடிக்க வேண்டும். உன்னிடமிருந்து பதில் வராது என்று எனக்குத் தெரியும். பதில் தரக்கூடியவர் இதே சபை மலரை வாசிக்கிறார்.

தாளாளர் அவர்களுக்கு: திங்கள்கிழமை பெயர் எழுதுகிறவரை வரவேண்டாம் என்று சொல்வீர்களா? பெட்டியில் இருக்கும் விளக்குகளை எந்தப் பெயரும் எழுதாமல் மாட்டி, டீச்சரின் பெயரையும் மற்றவர்களின் பெயர்களையும் சுவிட்சுப் பலகையின் பக்கத்தில் வைப்பீர்களா? முடியும் என்றாலும் முடியாது என்றாலும் சரி. பள்ளியின் முத்திரையோடும் உங்கள் கையெழுத்தோடும், திங்கள்கிழமைக்கு முன்னால், எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.